லிஃப்டுக்குக் கொடுத்த மரியாதை

"ஒம்போது பேருக்கு டெஸ்ட் காப்பி கொடுத்தேன். எட்டுப் பேர் அருமைன்னு எழுதியிருக்காங்க. மிச்சம் யாரு? நீதானே?"

"நான் எழுதியிருந்தா பேரைப் போட்டு எழுதியிருப்பேன் சார். ஒளிஞ்சிருந்து எழுதற பழக்கம் எனக்கு இல்ல."

இரண்டாவது மாடியில் கிளம்பிய இந்தச் சத்தம், கீழே ஜெராக்ஸ் கடையில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டது. எங்கள் கட்டடத்து மாடிப்படி அப்படிப்பட்டது. மேலே ஒருவர் தும்மினால் கீழே இருந்தபடியே நலம் விசாரிக்கலாம். காலை பத்தரை மணிக்கு ஜெராக்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டோம். மெஷின் ஓடினால் பாதி வார்த்தை விழுங்கிவிடும்.

இரண்டாவது மாடியில் இருப்பது வீடியோ கேம் செய்கிற கம்பெனி. மூன்று வருஷமாக ஒரே ஒரு கேமைச் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் 'பாதரச மழை'. இருநூறு வருஷத்துக்குப் பிறகு ஓர் ஊர். அங்கே மனிதர்களின் ஞாபகங்களை வாங்கி விற்கிற வியாபாரி ஒருவன் கொலையாகிறான். நீண்ட கோட்டு போட்ட துப்பறிவாளன் ஒருவன் மழையில் நனைந்துகொண்டே கொலைகாரனைத் தேடுகிறான். வானத்தில் கார் பறக்கும். ரோபோக்கள் வேலை பார்க்கும். வெயில் மட்டும் அடிக்காது. படம் போடுகிறவர்களுக்கு வெயில் என்றால் நிழல் போட வேண்டிய வேலை அதிகம் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

அன்று மாலை ஐந்து மணிக்கு கேம் வெளியே போக வேண்டும். காலையில் அதன் விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்த முதலாளிக்கு மூச்சு நின்றது. அங்கே ஏற்கெனவே எட்டு விமர்சனங்கள், 'அருமை', 'மிக அருமை', 'அற்புதம்' என்று ஒரே தையல் கடையில் தைத்த சட்டைகள் மாதிரி வரிசையாக இருந்தன. எழுதியவர்கள் எல்லோரும் ஆபீஸ் ஆட்கள். எழுதச் சொன்னவர் அவரேதான். ஒன்பதாவதாக, பெயரில்லாமல், இன்னொன்று முளைத்திருந்தது. 'நிறைகள்' என்று ஆறு வரி. 'குறைகள்' என்று நாலு பக்கம். போதாக்குறைக்குக் கொலைகாரன் யார் என்பதையும் உடைத்திருந்தது.

முதலாளியின் கணக்கு எளிமையானது. ஒன்பதில் எட்டு போனால் ஒன்று. அந்த ஒன்று, கேமுக்கு வசனம் எழுதிய பெண். நிறைகளில் புகழப்பட்டதும் ஒரு லிஃப்ட் ரோபோ பேசுகிற வசனம்தான். தன் எழுத்தைத் தானே புகழ்ந்து, மற்றவர்கள் உழைப்பை மிதித்துவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. தண்டனையையும் அவரே சொன்னார்: கேமின் முடிவில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் 'எழுத்து' என்ற சொல்லுக்கு நேரே இருக்கும் அவள் பெயரை ஐந்து மணிக்குள் எடுத்துவிடுவார். அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

வசனக்காரி அழவில்லை. அழுதிருந்தால் கேட்டிருக்கும். மூன்று வருஷம் அவள் மதியச் சாப்பாட்டையும் மேஜையிலேயே முடித்துக்கொண்டு எழுதியது அந்த ஒரு வரிக்காக. நேராக முதல் மாடிக்கு இறங்கினாள்.

முதல் மாடியில் எங்கள் சொந்தத் துப்பறிவாளர் இருக்கிறார். கண்ணாடியின் தடிமனைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. இதுவரை அவர் பிடித்த கொலைகாரர்கள் பூஜ்யம். கல்யாண விசாரணைதான் பிழைப்பு. மாப்பிள்ளை சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, குடிக்கிறாரா, குடித்தால் பாடுகிறாரா என்பதெல்லாம். உதவிக்கு அவர் மனைவியின் தங்கை. அவரைப் பார்த்துத் தெருவே அவளை மச்சினி என்று கூப்பிடுகிறது, அந்த உரிமை கொஞ்சமும் இல்லாதவர்கள் உட்பட.

விமர்சனத்தை எங்கள் கடையில்தான் பிரிண்ட் எடுத்தார்கள். ஆகவே நாங்களும் படிக்க நேர்ந்தது. ஒரு பிரதி கூடுதலாக வந்துவிட்டது, மெஷின் கோளாறு.

எழுதியது யாரானாலும், தேர்ந்த கை. 'இவன் துப்பறிவதில்லை,' என்று ஆரம்பித்தன குறைகள். 'தடயம் இருக்கிற இடத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது, இவன் போய்ப் பொறுக்குகிறான். கோழி இரை பொறுக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம், கோழி தானாகத் தேடுகிறது. பாதரசமே மழையாகப் பெய்கிற ஊரில் ஒருவனிடமும் குடை இல்லை. கார் பறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பெண்கள் மட்டும் இன்னும் ஜன்னல் ஓரம் புகைவிட்டபடி ஆண்களுக்காக நிற்கிறார்கள். வியாபாரியைக் கொன்றது அவனுடைய வக்கீல் என்பது முதல் அரை மணியிலேயே தெரிந்துவிடும். நாலு தெரு மழையில் நடந்து வந்தேன் என்கிறவன் கோட்டில் காலர் மடிப்பு கலையவில்லை.'

நிறைகள் ஆறு வரியும் நியாயமாகவே இருந்தன. ஊர் அழகு. இசை அடக்கம். நாம் தப்பான ஆளைக் குற்றவாளி என்று காட்டினாலும் கதை நிற்பதில்லை, அவனைச் சிறையில் தள்ளிவிட்டு ஊர் நிம்மதியாக நடமாடுகிறது, அந்தத் துணிச்சலைப் பாராட்டலாம். கடைசியாக லிஃப்ட். 'எட்டாவது மாடியில் மின்சாரம் நின்று அவர் தனியாகப் பேசுகிற இடத்தில், விளையாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.'

பூதக்கண்ணாடி வசனக்காரியின் பிரதியைப் போட்டு மச்சினியை விளையாட வைத்தார். தான் பக்கத்தில் சிவப்புப் பேனாவோடு விமர்சனத்தைப் படித்தார். மச்சினி ஒரு மணி நேரத்தில் அந்த ஊரின் மொத்த மானத்தையும் வாங்கிவிட்டாள். கதாநாயகன் துப்பறிவதைவிடப் பெருமூச்சு விடுவது அதிகம். ஒவ்வொரு கதவைத் திறக்குமுன்பும் வாழ்க்கையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்கிறான். கழிவறைக் கதவுக்கும் விலக்கில்லை. மஞ்சள் விளக்கைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஏக்கம் வந்தது.

"அத்தான், நமக்கும் இப்படி ஒரு லைட் எரிஞ்சிருந்தா, போன மாசம் அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருந்தது தெரிஞ்சிருக்கும்."

"அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்தற?"

அப்புறம் லிஃப்ட் வந்தது. துருப்பிடித்த அலமாரிக்கு விளக்கு வைத்தாற்போல ஒரு ரோபோ. ஆட்களை ஏற்றி இறக்குவது அதன் வேலை. எட்டாவது மாடியில் மின்சாரம் போய் நின்றது. இருட்டில் ஒரு குரல் நிதானமாகப் பேசியது. 'பன்னெண்டு வருஷமா எல்லாரும் எந்த மாடின்னு மட்டும் சொல்றாங்க. எதுக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.' மச்சினியே கேலியை நிறுத்திவிட்டு அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பூதக்கண்ணாடி தாளை நீட்டினார். கதாநாயகனுக்கு 'அவன்'. வக்கீலுக்கு 'அவன்'. அந்த ஊர் ஜனாதிபதிக்கும் 'அவன்'தான். போலீஸ் ரோபோவுக்கு 'அது'. நாலு பக்கத்திலும் ஒருத்தருக்கும் மரியாதை கிடையாது. லிஃப்டைச் சொல்லும் ஆறு இடத்தில் மட்டும் 'அவர்'. ஆறையும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

"ஒரு லிஃப்டை அவர்னு சொல்ற ஆள் யாருன்னு கண்டுபிடிச்சா போதும்," என்றார்.

"என்னைக் கேட்டா, மாடி ஏற முடியாத ஆளா இருக்கும்," என்றாள் மச்சினி.

இருவரும் மேலே போனார்கள். முதலாளி ஆட்சேபிக்கவில்லை. குற்றவாளி ஏற்கெனவே கையில் இருப்பதால் விசாரணை நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன என்ற பெருந்தன்மை. பூதக்கண்ணாடி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: அந்த லிஃப்ட் ரோபோவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இசை அமைத்தவர், அது பேசுகிற இடத்தில் தன் இசையைக் குறைக்கச் சொன்னார்கள் என்று குறைப்பட்டார். படம் வரைகிற ஓவியர், அதை வரைய இரண்டு நாள்தான் ஆனது என்றார்; சொல்லும்போது வசனக்காரி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. முதலாளி, அதுவா, அதை எடுத்துவிடலாம் என்று முதலிலேயே சொன்னேன் என்றார். முதலாளி உட்பட எல்லோரும் அது, அது, அது.

கடைசியில் வசனக்காரி. "அவனை எழுதும்போதுதான் சார் நான் ஒழுங்கா சாப்பிட்டேன்," என்றாள். "மத்தவங்க வசனத்தையெல்லாம் முதலாளி திருத்தினார். அவனை மட்டும் யாரும் கண்டுக்கல. அதனால தப்பிச்சான்."

பூதக்கண்ணாடி முதலாளியிடம் விளக்கினார். இவளுக்கு அந்த லிஃப்ட் பெற்ற பிள்ளை மாதிரி. பிள்ளையை யாரும் அவர் என்பதில்லை. ஆகவே எழுதியது இவளில்லை. முதலாளி சிரித்தார். இலக்கணத்தை வைத்து ஆளை விடுவிக்க இது என்ன பள்ளிக்கூடமா என்று கேட்டுவிட்டு, மணியைக் காட்டினார். ஒன்றரை.

"அந்த லிஃப்டுக்குக் குரல் கொடுத்தது யாரு?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

அவர் ஆபீஸ் ஆள் இல்லையாம். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்கிறவர். மூன்று மாதம் சாயங்காலங்களில் வந்து பேசிவிட்டுப் போனார். அவருக்கும் காப்பி கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு, கொடுத்தோம், குரல்தானே, அதையெல்லாம் எதற்கு எண்ணிக்கொண்டு என்றார் முதலாளி. ஆக, காப்பிகள் பத்து. ஆட்கள் மட்டும்தான் ஒன்பது.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளரின் அறை, ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பாட்டில். நாலாவது நடைமேடைக்கு ஒரு பேருந்தை வரவழைத்துவிட்டு அவர் திரும்பினார். லிஃப்டைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"நான் எட்டாவது மாடியில நின்னு போறேனே, அந்த இடம் கேட்டீங்களா? ஒரே மூச்சுல பேசினேன்."

மச்சினி கூண்டின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, இவர் லிஃப்டாகவே ஆகிவிட்டார் அத்தான் என்று முணுமுணுத்தாள். ஆனால் தன்னையே ஒருவர் 'அவர்' என்று எழுதுவாரா? தலைக்கனம் பிடித்தவர் எழுதலாம். இவரோ அந்த ரகமில்லை. கேம் பிரமாதம் என்றார், கதாநாயகன் பிரமாதம், முதலாளி பிரமாதம். முழுதும் விளையாடிப் பார்த்தீர்களா என்று கேட்டதற்குக் கூச்சத்தோடு பதில் வந்தது.

"எனக்கு இன்னும் முடியல சார். வீட்டுல மூணு தடவை முடிச்சாச்சு."

வெளியே வந்ததும் மச்சினி பிடித்துக்கொண்டாள். முடிக்கவில்லை என்கிறார், வீட்டில் மூன்று தடவை முடித்தேன் என்கிறார், ஒரே வாயில் இரண்டு பேச்சு, ஆள் பொய் சொல்கிறார், திரும்பிப் போய் அமுக்கலாம் என்றாள். பூதக்கண்ணாடி தலையாட்டிக்கொண்டே நடந்தவர், பழக்கடை வாசலில் சட்டென்று நின்றார். பின்னால் வந்தவர் ஒருவர் அவர்மேல் மோதித் திட்டிவிட்டுப் போனார்.

"வீட்டுலன்னா எடமில்ல. ஆளு."

"அப்ப இத்தனை வருஷமா நீங்க 'வீட்டுல கோவிச்சுக்குவாங்க'ன்னு சொன்னது எங்க அக்காவையா? நான் பீரோவைன்னுல்ல நெனைச்சேன்."

ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு துருப்பிடித்த ரோபோவை 'அவர்' என்று எழுதக்கூடியவள் ஒருத்திதான் இருக்க முடியும். அந்தக் குரலைக் கட்டிக்கொண்டவள். நாலு பக்கத்துக்கு ஜனாதிபதி முதல் சகலரையும் அவன் இவன் என்று கிழித்தவளுக்கு, அந்தக் குரல் வந்ததும் கை தானாக மரியாதைக்குத் தாவியிருக்கிறது. அவளுக்கே தெரிந்திருக்காது.

அறிவிப்பாளரின் மனைவி, மூன்று தெரு தள்ளிச் சலவைக் கடை வைத்திருக்கிறார். கோட்டு, பட்டு, திரைச்சீலை என்று தண்ணீர் படக் கூடாத துணிகளை வெளுப்பதில் கெட்டிக்காரர். இவர்கள் போனபோது மணி நாலே கால். ஒரு கறுப்புக் கோட்டின் காலரை மேஜையில் வைத்து நீராவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மச்சினி அந்தக் காலரையும் பூதக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். மஞ்சள் விளக்கு எரியாததுதான் பாக்கி.

பூதக்கண்ணாடி லிஃப்டைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தார்.

"அவரா?" என்றார் அந்த அம்மாள்.

அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை. எழுதியது நீங்களா என்றதும், ஆமாம் என்று இஸ்திரியை நிறுத்தாமலே சொன்னார். காப்பியோடு ஒரு படிவம் வந்தது. நிறைகளையும் குறைகளையும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள், எழுதினேன், அவருக்கு டைப் அடிக்க வராது, இதில் என்ன தப்பு என்றார். மூன்று தடவை எதற்கு விளையாடினீர்கள் என்று மச்சினி கேட்டாள். முதல் தடவை அவர் குரலுக்காக; இரண்டாவது தடவை கொலைகாரனுக்காக; மூன்றாவது தடவை, இவ்வளவு மட்டமாகவா செய்திருப்பார்கள், நாம்தான் எதையோ விட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்துக்காக. ஒன்றையும் விடவில்லையாம்.

"இருபது வருஷமா நனைஞ்ச கோட்டைப் பாக்கறேன்," என்றார். "அந்த வக்கீல் கோட்டு கடையிலேருந்து அப்பத்தான் போன கோட்டு. அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒம்போது மணி நேரம் ஆகுது. அவனுக்குப் பேரு துப்பறிவாளன்."

பூதக்கண்ணாடி தான் போட்டிருந்த கோட்டை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டார். விமர்சனம் ஊரறிய வெளியாகியிருக்கிறது என்று அவர் சொன்னதும்தான் இஸ்திரி நின்றது. அந்த அம்மாள் போனை எடுத்துப் படிவத்தைத் திறந்து காட்டினார். மேலேயே கொட்டை எழுத்தில் இருந்தது: 'உங்கள் கருத்து எங்களுக்கு மட்டும். வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.'

பூதக்கண்ணாடி அதை இரண்டு தடவை படித்தார். காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த ஆள் இந்தச் சலவைக் கடையில் இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுதியவர் ரகசியமாகத்தான் எழுதியிருக்கிறார். வெளியே விட்டது வேறு கை.

கேமுக்கு வசனம் எழுதிய பெண்ணின் பெயர் ஐந்து மணிக்கு அழியப்போகிறது என்று மச்சினி சொன்னாள். அந்த அம்மாள் பிளக்கைப் பிடுங்கினார்.

"அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்ததாலதான் அவர் மூணு மாசம் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பார்த்தார். பஸ் நம்பரைத் தவிர வேற ஒண்ணும் அவரை யாரும் பேசச் சொன்னதில்ல. வாங்க, போகலாம்."

நாலு ஐம்பதுக்கு மூவரும் எங்கள் மாடிப்படியில் ஏறினார்கள். ஜெராக்ஸ் மெஷின் மறுபடி நின்றது. மேலே ஓவியர் கணினி முன்னால் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். முதலாளி பின்னால் நின்று எதை எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். வசனக்காரி தன் மேஜையைக் காலி செய்திருந்தாள்.

அறிவிப்பாளர் மனைவி தான் எழுதியதை ஒப்புக்கொண்டார். முதலாளி, அப்படியானால் உங்கள் வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடுவேன், வெளியாகாத கேமின் ரகசியத்தை வெளியிட்டது குற்றம் என்று ஆரம்பித்தார். பூதக்கண்ணாடி அந்தப் படிவத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். எங்களுக்கு மட்டும் என்று போட்டுவிட்டு, எழுதுவதெல்லாம் தானாக விற்பனைப் பக்கத்தில் போய் விழும்படி செய்யச் சொன்னது யார் என்று கேட்டார்.

ஓவியர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். படிவத்தைச் செய்தவர் அவர்தான். எதையும் அழிக்காமல் அவருடைய விரல் விசைமேல் காத்திருந்தது. கடைசியில் மிகவும் மெல்லிய குரலில், "நீங்கதான் சார் சொன்னீங்க," என்றார். "நம்ம ஆளுங்க நல்லாத்தான் எழுதுவாங்க, நேரா போட்டுடுன்னு."

"தப்பான ஆளைப் பிடிச்சு உள்ள தள்ளினாலும் கதை ஓடும்னு உங்க கேமைப் பத்தி விமர்சனத்துல எழுதியிருக்கு," என்றார் பூதக்கண்ணாடி. "ஆபீஸையும் அதே மாதிரி நடத்தறீங்க. கேமுக்கு அது நிறை."

பெயரை விட்டுவிடு என்று முதலாளி ஓவியருக்குக் கை காட்டினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அந்த வார்த்தை அவரிடம் ஸ்டாக் கிடையாது. அறிவிப்பாளரின் மனைவி நகராமல் நின்றார். பெயர் அப்படியே இருக்கிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஐந்து மணிக்கு, 'எழுத்து' என்ற சொல்லுக்கு நேரே வசனக்காரியின் பெயரோடு, கேம் வெளியே போனது. வசனக்காரி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். வேலையைத் தானே விட்டுவிட்டாள் என்பது அவள் கடைசிப் படியைத் தாண்டுவதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

கேம் சுமாராகப் போனது. வாங்கியவர்களில் பாதிப் பேர் கொலையை மறந்துவிட்டு, லிஃப்டில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்களாம். அறிவிப்பாளர் விமர்சனத்தின் நிறைகளை மட்டும் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். மிச்சம் நாலு பக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது, அல்லது வீட்டில் தெரிய விடவில்லை.

ஓவியர் அடுத்த வருஷமே முதலாளியின் தங்கையைக் கட்டிக்கொண்டார். அன்று காலை முழுதும் அவர் படிவத்தைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. ஓவியரின் மாமனார், அதாவது முதலாளியின் அப்பா, செலவில் கம்பெனியை வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது மாடியில் இப்போது ஒரு பல் டாக்டர். சத்தம் வருகிறது, ஆனால் வார்த்தை புரிவதில்லை.

வசனக்காரி தொலைவில் ஓர் ஊரில் வேலை கிடைத்துப் போனாள். அங்கேயே ஒரு பள்ளிக்கூட நூலகரைக் கல்யாணம் செய்துகொண்டாள். முதலாளிக்குப் பத்திரிகை வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. சலவைக் கடைக்கு மட்டும் வந்தது. புருஷனும் மனைவியுமாகப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை எப்படி, வீடு எப்படி, பெண் சந்தோஷமாக இருக்கிறாளா என்று துவைக்கவே வேண்டாத ஒரு திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு போய் விசாரித்தோம். நல்லபடியாக நடந்தது என்றார் அந்த அம்மாள், திரைச்சீலைக்குச் சீட்டு எழுதிக்கொண்டே. அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.